புறம்போக்கும் ஆனந்தபைரவியும்

"புறம்போக்கு!"

தெருமுனைச் சண்டையில், தேநீர்க்கடைத் தகராறில், மகனை அதட்டும் தந்தையின் வாயில், நாளும் எத்தனை முறை வந்து விழுகிறது இந்தச் சொல்! எதற்கும் உதவாதவன், எவருக்கும் உரியவன் அல்லாதவன், ஊர் சுற்றி, உருப்படாதவன் என்று இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் அடைத்து எதிரியின் முகத்திலே வீசுகிறார்கள். வீசுகிறவரும் அறியார், ஏற்கிறவரும் அறியார், அது வசவுச் சொல் அன்று, வருவாய்த் துறையின் கணக்குச் சொல் என்பதை!

வரி வாங்கும் கணக்குக்குப் புறம்பே போன நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல்வெளி, வண்டிப்பாதை, ஆற்றங்கரை, சுடுகாடு! இவற்றுக்குத் தனி ஒருவன் பெயரில் பட்டா இல்லை. இல்லாததாலேயே அவை ஊரார் அனைவருக்கும் உரியவையாக இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் படித்தவர்கள் அறிவார்கள். இராசராசன் காலத்து எழுத்தன், இறை கட்ட வேண்டாத நிலம் இன்னின்னதென்று கழித்துக் காட்டுகிறான். ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, இவற்றோடு ஒரே மூச்சில் பறைச்சேரி! ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த வரிசையில் பொதுநிலமும் ஒதுக்கப்பட்ட மக்களும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது, பின்னாளில் நிலத்தின் பெயர் மனிதனுக்கு வசவானது தற்செயல்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

வரி தராத நிலம் வீண் நிலம். வரி தராத மனிதன் வீண் மனிதன். இதுதான் அந்தக் கணக்கின் தத்துவம்!

இந்தச் சொல்லை எடுத்து, துடைத்து, மேடையேற்றிய பாட்டு ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' 2017ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கலன்று வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பண்ணமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி. எம். கிருஷ்ணா, படமாக்கியவர் இரதீந்திரன் பிரசாத். சென்னைக்கு வடக்கே, கொசத்தலையாறு கடலைத் தொடும் எண்ணூர்க் காயல்தான் அதன் களம். ஆண்டுகள் பல சென்றபின் ஏன் இப்போது அதைத் திறனாயப் புகுகிறேன் என்று தோழர்கள் கேட்கலாம். வந்த புதிதில் எழுதப்பட்டவையெல்லாம் ஒன்று வாழ்த்து, அல்லது வசை. பாட்டு என்ன செய்தது என்பதை அறியக் காலம் வேண்டும். காலம் கடந்துவிட்டது; கணக்குப் பார்க்கலாம்.

முதலில் களத்தைக் காண்போம். காயல் என்றால் உப்பும் நன்னீரும் கலக்கும் இடம். அலையாத்திச் செடிகள், சேற்றுத் திட்டுகள், உப்பளங்கள். இறாலும் நண்டும் மடவையும் பிள்ளைப் பருவம் கழிக்கும் தொட்டில் அது. மழைக் காலத்தில் வடசென்னைப் பெருவெள்ளம் கடலுக்குப் போகும் வாயிலும் அதுவே. அந்த வாயிலின் இரு மருங்கும் என்ன வைத்தார்கள்? அனல்மின் நிலையங்களை, நிலக்கரித் துறைமுகத்தை, சாம்பல் குட்டையை வைத்தார்கள்! கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்புகிறார்கள், குழாய் ஓட்டையாகிறது, குழம்பு ஆற்றில் இறங்குகிறது, ஆற்றின் அடி உயர்கிறது. ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் நீர். வலை போட்டவன் சாம்பலை அள்ளுகிறான். நகரம் முழுவதும் விளக்கெரிகிறது. விளக்கெரிய வெந்த கரியின் சாம்பல் மட்டும் ஒரே ஊரின் ஆற்றில் விழுகிறது. மின்சாரம் பொது, சாம்பல் தனி! இதைவிடச் சுருக்கமாக ஒரு நகரத்தின் நீதியைச் சொல்லிவிட முடியுமா?

இன்னொன்று. 1996ஆம் ஆண்டுக் கரையோர வரைபடத்தில் இந்தக் காயல் இருந்தது. பின்னாளில் அரசு காட்டிய வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணவில்லை என்று 2017இல் செயற்பாட்டாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். காயல் காணாமற் போகவில்லை. போய்ப் பார்த்தால் நீர் இருக்கிறது, படகு இருக்கிறது, மீனவர் இருக்கிறார், தாளில்தான் இல்லை! புராணத்தில் முனிவன் கடலைக் குடித்தான் என்று படித்துச் சிரிக்கிறோமே, மைக்கோலால் காயலைக் குடிப்பதைக் கண்டும் சிரிக்கத்தானே வேண்டும்?

இத்தகைய களத்தில் பாட்டு என்ன செய்கிறது?

புகைபோக்கிகளின் எதிரே, தூசுக் காற்றில், முகமூடி அணிந்து நிற்கிறார் பாடகர். வெண்பட்டு விரித்த மேடை இல்லை, குத்துவிளக்கு இல்லை, தலையாட்டும் முன்வரிசை இல்லை. ஆனந்தபைரவி தொடங்கிச் சிந்துபைரவி ஈறாகப் பண்களைக் கோத்து, அவற்றின்மேல் சென்னைப் பேச்சுத் தமிழைப் படர விட்டிருக்கிறார்கள். பொதுநிலம் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, ஊருக்கு என்கிறது பாட்டு. வெள்ளம் மழையால் மட்டும் வந்ததன்று, நீர் போகும் வழியில் எழும்பிய கட்டடத்தால் வந்தது என்கிறது. 2015 டிசம்பரில் கழுத்தளவு நீரில் நின்ற நகரத்துக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிவில் பாடுபவர் தம்மையே அந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறார். வசவை வாங்கி மார்பில் பதக்கமாகக் குத்திக்கொள்ளும் துணிவு அது. இழிவென்று எறியப்பட்ட பெயரை எடுத்துப் பெருமையாகச் சூடிக்கொள்வது நம் நாட்டுப் போராட்டங்களுக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு நிலத்துக்காக அது செய்யப்பட்டது புதிது.

பாட்டின் உயர்ந்த சிறப்பு இங்கேதான் என்பது என் துணிபு. சுற்றுச்சூழல் பற்றி எழுதப்படும் பாட்டுகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். பச்சை மரம், பாடும் குயில், அன்னை பூமி, அவள் கண்ணீர் என்று ஒரே அச்சில் வார்த்தவை! கேட்டவன் மனம் இளகும்; இளகிய மனத்தோடு வீட்டுக்குப் போய் உறங்குவான். யார் வெட்டினான், யார் விற்றான், எந்தத் தாளில் எவன் கையெழுத்திட்டான் என்ற கேள்விக்கு அவற்றில் இடமே இராது. இந்தப் பாட்டோ, கண்ணீரை விடுத்து, ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டது. சொல் மாறினால் நினைப்பு மாறும். புறம்போக்கு என்று கேட்டவுடன் "பொது" என்று ஒருவன் நினைத்துவிட்டால், அதன்பின் அந்த நிலத்தை விற்பவனைத் திருடன் என்று அவன் எளிதில் இனங்கண்டுகொள்வான். இது கலை செய்யக்கூடிய வேலை, துண்டறிக்கையால் ஆகாதது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையிலே கண்டபோது எழுந்த கூச்சலை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழில் பாடினால் சங்கீதத்தின் தரம் தாழும் என்றார்கள், தெலுங்குக் கீர்த்தனையின் பொருள் தமக்கே தெரியாதவர்கள்! அந்தப் போரில் தமிழ் வென்றது. ஆனால் எந்தத் தமிழ்? அடியார் தமிழ், அரண்மனைத் தமிழ், திருத்தமாக உடுத்திய தமிழ். மீன்கூடை சுமந்த தமிழும், கைவண்டி இழுத்த தமிழும் வாயிற்படியிலேயே நின்றன. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அந்தத் தமிழுக்கு ஆனந்தபைரவியின் கதவு திறந்தது. திறந்ததும் ஆனந்தபைரவி செத்துவிட்டதா? இல்லை! இன்னும் நன்றாகவே ஒலித்தது. தீட்டு என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிட மறுப்பு வேறென்ன வேண்டும்?

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதே வேலையைச் செய்து காட்டியவர்தான். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் நடத்தினாரே, நினைவிருக்கிறதா? நந்தனார் கதையைச் சொல்லி உருக வைத்த அதே காலட்சேப வடிவத்தை எடுத்து, தில்லைக்குப் போகத் துடித்தவனுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் போகத் துடித்த கிந்தனைப் பாடினார். வடிவம் பழையது, சரக்கு புதியது. கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சிந்தித்தார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கிந்தனாரைக் கேட்டவர்கள் கொட்டகையில் தரைச்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். புறம்போக்குப் பாட்டை முதலில் கேட்டுப் பரப்பியவர்கள் யார்?

இங்கிருந்து என் குறை தொடங்குகிறது.

அந்தப் பாட்டு பெரும்பாலும் நகரத்தின் தென்பாதியோடு பேசிற்று. சபாக்களின் டிசம்பர்க் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை என்று 2015இல் அறிவித்துவிட்டு வந்த பாடகர், சபாவின் காதுகளை மட்டும் எண்ணூருக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்தது நன்று. அந்தக் காதுகள் அதற்குமுன் எண்ணூரைக் கேட்டதில்லை. ஆனால் எண்ணூருக்கென்று ஒரு குரல் இல்லையா? சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானா யாருடையது? துடுப்புத் தள்ளும்போது மீனவர் பாடும் அம்பாப் பாட்டு யாருடையது? ஒப்பாரிக்குக் குறைவா அந்த மண்ணில்? ஆற்றை இழந்தவனின் ஒப்பாரியை ஆற்றை இழந்தவனே பாடக் கேட்க வேண்டாமா? பாட்டில் அவன் ஊர் இருக்கிறது, அவன் பேச்சு இருக்கிறது, அவன் குரல் இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, குறையாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

நண்பர் ஒருவர் மறுத்துரைத்தார்: "கானா பாடினால் அதிகாரி கேட்பானா? அதனால்தான் கச்சேரிப் பாடகர் தேவைப்பட்டார்." அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்! கானாவைக் கேளாத காது, ஆனந்தபைரவியைக் கேட்டுத்தான் அசையும் என்றால், சாம்பலுக்கு முன்னே அந்தக் காதிலுள்ள அழுக்கை அல்லவா எடுக்க வேண்டும்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் மேடையேறியபோது, கானாவைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சாவு வீட்டிலேயே இருத்தி வைக்கப்பட்ட கலை, பெருமேடையில் நின்று கேள்வி கேட்டது. வடசென்னையின் கலைக்கு வலிமை உண்டா என்ற ஐயம் அன்றோடு தீர்ந்தது.

இப்போது, தோழர்களே, அந்த ஒரே மாதத்தை, 2017 ஜனவரியை, நாள்முறையாக எண்ணிப் பாருங்கள். 14ஆம் நாள் பாட்டு வெளிவந்தது. 17ஆம் நாள் மெரினாவில் இளைஞர் கூட்டம் தொடங்கிற்று. 23ஆம் நாள்வரை இலட்சக்கணக்கானோர் மணலில் அமர்ந்தார்கள். பறை முழங்கிற்று, பாட்டு எழுந்தது, தெருக்கூத்து நடந்தது. எந்தக் கலைஞனும் கனவில் மட்டுமே காணத்தக்க அவை அது! ஏறு தழுவும் உரிமைக்காகக் கூடிய கூட்டம். அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல என் மனம் ஒப்பாது. தமிழிளைஞன் கூடினால் எப்படிக் கட்டுப்பாட்டோடு கூடுவான் என்று உலகுக்குக் காட்டியது அது. இறுதி நாளில் தடியடி வந்தபோது மாணவருக்குப் புகலிடம் தந்தவர்கள் யார்? நடுக்குப்பத்து மீனவர்கள். அதற்கு விலையாக அவர்களுடைய மீன் அங்காடி எரிந்தது! 28ஆம் நாள் அதிகாலை, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கலந்து, கரும்பாகாகக் கரையேறிற்று.

பதினான்கு நாள்! பாட்டுக்கும் விபத்துக்கும் இடையே பதினான்கே நாள்.

மெரினாவின் இலட்சங்களில் எத்தனை பேர் எண்ணூருக்கு வந்தார்கள்? வந்தவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மாணவர்களும் தொண்டர்களும் மீனவர்களும் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். இயந்திரம் தோற்ற இடத்தில் கை வென்றது என்று செய்தித்தாள்கள் எழுதின. வெற்றியாம் வெற்றி! நச்சுப் பாகை வெறுங்கையால் அள்ளுவது வெற்றியா? ஆனாலும் அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். என் கேள்வி வேறு. மணலில் ஏழு நாள் அமர வைத்தது எது? பாட்டு மட்டுமா? இல்லை. கோரிக்கை இருந்தது. "தடையை நீக்கு!" என்ற இரண்டே சொல். யாரிடம் கேட்கிறோம் என்பது தெரிந்திருந்தது. என்ன கிடைத்தால் எழுந்து போவோம் என்பதும் தெரிந்திருந்தது. எண்ணூர்ப் பாட்டில் இந்த மூன்றும் இல்லை. சொல்லைத் திருத்திற்று, செயலைச் சுட்டவில்லை. கேட்டு முடித்தவன், "ஆம், உண்மைதான்" என்று பெருமூச்சு விட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பெருமூச்சுக்கு முகவரி வேண்டாமா?

முகவரி எழுதிய பாட்டும் உண்டு. இதே படமாக்குநர், 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் பாடிய கொடைக்கானல் பாட்டை எடுத்தார். பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 2001இல் மூடப்பட்டது, உடல் கெட்ட தொழிலாளர் ஈடு கேட்டுப் பல ஆண்டு நீதிமன்றத்தில் நின்றனர். பாட்டு ஆங்கிலத்தில், ஒரு மேனாட்டுத் துள்ளிசை மெட்டில் அமைந்தது. அழகில் இதற்குப் பின்தங்கியதே. காது குளிரக் கேட்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிற்று, செய்ததைச் சொல்லிற்று, கேட்பதைச் சொல்லிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருக்கு உடன்பாடு கிட்டிற்று. பாட்டு பெற்றுத் தந்தது என்று சொன்னால் அது பொய். பதினைந்தாண்டுப் போராட்டம் பெற்றுத் தந்தது. பாட்டு கடைசி முட்டுக் கொடுத்தது. முட்டுக் கொடுக்கச் சுவர் ஏற்கெனவே எழும்பியிருந்தது என்பதை மறக்கலாகாது.

கேரளத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது, சாத்திர சாகித்தியப் பரிடத்தினர் முதலில் மின்சாரக் கணக்கையும் காட்டின் கணக்கையும் நூலாக வெளியிட்டனர். கவிஞர்கள் சுகதகுமாரி முதலானோர் பாட்டோடு வந்தனர். 1980இலிருந்து கலைப் பயணக் குழுக்கள் ஊர் ஊராக அறிவியலைப் பாடியும் ஆடியும் சென்றன. அந்தப் பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கவிதையும் கணக்கும் ஒரே மேடையில்! நம் நகரத்திலோ, கணக்கு வைத்திருப்பவன் பாட மாட்டான். பாடுகிறவன் கணக்குக் கேட்க மாட்டான்.

பாட்டை விட்டு ஓவியத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். சென்னையின் சுவர்களைப் பாருங்கள்! சுவரொட்டியை ஒழிக்க 2009 தொட்டு மாநகராட்சி தீட்டி வரும் மயிலும் மாமல்லபுரமும் ஒருபுறம் கிடக்கட்டும். கண்ணகி நகருக்கு வாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல், கூவத்தின் கரையிலும் பிற கரைகளிலும் வாழ்ந்த மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஆற்றைத் தூய்மையாக்கவே அவர்களை அகற்றினோம் என்றார்கள். குடிசை ஆக்கிரமிப்பாம்! அதே கூவத்தின் மடியில் துறைமுகச் சாலைக்காக நட்ட கற்றூண்கள் மட்டும் வளர்ச்சியாம்! அந்தக் கண்ணகி நகரில் 2020இல் வண்ணத் தொழிற்சாலையின் துணையோடு பேருருவ ஓவியங்கள் எழுந்தன. கலைத்திறன் குறைவென்று சொல்ல மாட்டேன். மூன்றடுக்கு உயரத்துக்கு ஒரு முகம் சிரிப்பதைக் கண்டால் எவனுக்கும் மனம் நிறையும். அங்கு வாழும் பிள்ளைகளும் மகிழ்ந்தார்கள், அவர்கள் மகிழ்ச்சியைப் பறிக்க நான் யார்?

ஆயின் ஓவியம் எதைச் சொல்லிற்று? இந்த மக்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கோடாவது சொல்லிற்றா? பக்கத்திலே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன் மேலேயே நகரத்தின் குப்பை மலை. மேலும் மேலும் அதைச் சுற்றி எழும் கண்ணாடி மாளிகைகள். ஆற்றங்கரையிலிருந்து தூக்கியவர்களைச் சதுப்பின் ஓரத்தில் இறக்கியதுதான் சூழல் சீர்திருத்தம்! இந்தக் கதையை அந்தச் சுவர்கள் பேசியிருந்தால், வண்ண நிறுவனம் வண்ணம் தந்திருக்குமா? சுவருக்குச் சாயம் பூசலாம்; சாயம் போவதற்குள் கேள்வியும் போய்விட வேண்டும் என்பதே இத்தகைய திருப்பணியின் நோக்கமோ என ஐயுறுகிறேன்.

இதனோடு ஒப்பிட்டால் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா நூறு மடங்கு மேல். அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த மீனவக் குப்பத்தில் 2015இல் தொடங்கினார்கள். பறையாட்டமும் பரதமும், வில்லுப்பாட்டும் கச்சேரியும் ஒரே மேடையில், மீன் வலைக்குப் பக்கத்தில்! பெசன்ட் நகரின் மாடிவீட்டார் சாலையைக் கடந்து குப்பத்துக்குள் காலடி வைத்தது சிலருக்கு அதுவே முதல் முறை. பின்னாளில் 'சென்னைக் கலைத் தெரு விழா' என்று பெயரும் மாற்றிக்கொண்டார்கள். மாடியார் குப்பத்துக்கு வந்தார்கள், சரி. குப்பத்தார் சபாவுக்குப் போக வழி திறந்ததா என்ற கேள்வியை மட்டும் விழாக்காரர்களே தமக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

திறனாய்வு என்றால் குறை கூறி ஒதுங்கிவிடுவதா என்பீர்கள். ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது, கலைஞர்கள் ஆராயட்டும்.

ஒரு பெருந்தொழிற்சாலை வருமுன், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் தர வேண்டும். தருகிறார்கள்! எப்படிப்பட்ட தமிழ்? படித்தவனுக்கே தலைசுற்றும் தமிழ். "துகள்மப் பொருண்மை உமிழ்வு வரம்பிற்குட்பட்டது" என்ற இனத்து வாக்கியங்கள். மீனவப் பெண் அதைப் படித்து, அன்றைக்கே எழுந்து நின்று ஆட்சியரிடம் மறுப்புச் சொல்ல வேண்டுமாம். இந்த முப்பது நாள் யாருடையவை? கலைஞனுடையவை அல்லவா!

தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டை எண்ணுங்கள். தலைமைப் பாடகர் ஒரு செய்தியைச் சொல்கிறார், பக்கத்திலிருப்பவர் "ஆமா" என்கிறார், இடையிலே, "அது எப்படி அண்ணே?" என்று மடக்குகிறார், பாடகர் விளக்குகிறார், குடம் முழங்குகிறது. கேள்வியும் விடையும் அந்தக் கலையின் எலும்பிலேயே இருக்கிறது. அந்தச் சுருக்க அறிக்கையை வரி வரியாக வில்லில் ஏற்றினால் என்ன? "சாம்பல் எங்கே போகும்?" "குட்டைக்குப் போகும்." "குட்டை நிறைஞ்சா?" அங்கே குடத்தின் ஒலி! "நிறைஞ்சா எங்கே போகும் என்று இந்தத் தாளில் எழுதலையே அண்ணே!" முப்பது நாளில் முப்பது தெரு. முப்பத்தோராம் நாள் கூட்டத்தில் எழுந்து நிற்பவள், பாட்டாகக் கேட்ட கேள்வியையே கேட்பாள். எழுத்தர் அதை எழுதியாக வேண்டும், நடவடிக்கைக் குறிப்பில் ஏறியாக வேண்டும். அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் குறையலாம். ஆனந்தபைரவியின் அழகும் அதில் இராது. இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் ஒன்றுதான் என்றால் எனக்கு வில் போதும்.

பாட்டுக்குப் பிறகு எண்ணூரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். 2017 அக்டோபரில் புகழ்மிக்க நடிகர் கமல்ஹாசன் ஆற்றுக்கு வந்து பார்த்தார். செய்தியாளர் கூட்டம் பின்னால் வந்தது. எண்ணூர் என்ற பெயர் முதற்பக்கம் ஏறிற்று. மீனவர்கள் தொடுத்த வழக்கில், சாம்பல் மாசுக்கு மின் நிறுவனமே பொறுப்பு என்று 2022இல் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நின்றவர்கள் பாடகர்கள் அல்லர், வலைக்காரர்கள். நீரை எடுத்து, சாம்பலை அளந்து, தேதி குறித்து, படம் பிடித்து வைத்தவர்கள். அவர்கள் பெயரில் எந்தப் பாட்டும் இல்லை.

பின்னர், 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். வடசென்னை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றில் இறங்கி, காயலெங்கும் கறுப்பாகப் படர்ந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. அந்த மாதம் முடியுமுன்னே, 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். மறுநாளே தொழிற்சாலை வாயிலில் போய் உட்கார்ந்தார்கள், பாட்டு யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

எண்ணெயை இம்முறையும் யார் அள்ளினார்கள்? படகில் அமர்ந்த மீனவர்கள், பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். ஆறாண்டுக்கு முன்பு வாளி; இப்போது குவளை.

அந்தப் படகுகளில் ஒன்றில், அள்ளிக்கொண்டே ஒருவன் எதையாவது முணுமுணுத்துப் பாடியிருப்பான். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள யாராவது அருகே இருந்தார்களா என்பதை அறிய விரும்புகிறேன்.